நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவ நினைத்து நாம் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஆச்சிக்குச் சர்க்கரை ஊசி போடவும், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் ஐயாவைப் புரட்டிப் படுக்க வைக்கவும் கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் காளையார்கோவிலிலோ கண்டனூரிலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நர்ஸிங்கில் சேரப்போகிற பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று பெற்றோர், ஆசிரியர், வார்டு சிஸ்டர், உதவித்தொகை கொடுக்கும் பெரியவர் என எல்லாரும் உண்மையாகவே விரும்புகிறார்கள். பணம் கட்டுகிறார்கள், கண்டிக்கிறார்கள், பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள். நோயாளியின் கட்டில் பக்கத்தில் ஒருத்தர் பிள்ளையோடு கூடவே நின்று சொல்லிக்கொடுப்பதும், பிள்ளை பயப்படாமல் "இது ஏன்?" என்று கேட்பதும் மட்டும் விட்டுப்போகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

சேர்க்கும்போதே நடக்கும் தவறு

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஏஜென்ட் வந்துவிடுவார். "சீட்டுக்கு நான் பொறுப்பு, சர்டிபிகேட்டைக் கொடுங்க" என்பார். அசல் சான்றிதழை அவர் கையில் கொடுக்காதீர்கள். எந்தப் படிப்பு என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள். பி.எஸ்சி. நர்ஸிங் நாலு வருஷம், எட்டு செமஸ்டர். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்னும் பொது நர்ஸிங், பிரசவப் பராமரிப்பு டிப்ளமோ மூன்று வருஷம். ஏ.என்.எம். என்னும் துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருஷம். படிப்பை முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தால்தான் சட்டப்படி நர்ஸ். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கடைத்தெரு மாடியில் நடக்கும் 'நர்ஸிங் அசிஸ்டென்ட்' பயிற்சியை முடித்துவிட்டு அங்கே போய்ப் பதிவு கேட்டால் கிடைக்காது. அதையும் நர்ஸிங் என்று நம்பிச் சேர்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்டிய பணமும் பிள்ளையின் ஒரு வருஷமும் சேர்ந்தே போய்விடும்.

கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவதும் தவறுதான். "பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) போகிறார்கள்?" என்று கேளுங்கள். நர்ஸிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரி வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதி. முடிந்தால் ஒரு காலை வேளையில் அங்கே போய்ப் பாருங்கள். கட்டில் இருந்தும் நோயாளி இல்லாவிட்டால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டம். அந்தப் பணத்தை வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல் பிள்ளையின் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுவைப்பது நல்லது.

ஆங்கிலம் வராததை அறிவுக் குறைவாக எடுத்துக்கொள்வது

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் அனாடமி, ஃபிசியாலஜி புத்தகத்தைத் திறந்ததும் மிரண்டுபோகும். உடனே எல்லாரும் சொல்லும் வைத்தியம் மனப்பாடம். பரீட்சைக்கு அது ஓரளவு உதவும், வார்டில் கைவிட்டுவிடும். இதயம் பலவீனமானவருக்குக் கால் ஏன் வீங்குகிறது என்று முதலில் தமிழில் புரிய வையுங்கள். அந்தப் பிள்ளையைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வையுங்கள். புரிந்ததை எழுதுவது பாதி வேலைதான்.

எப்படியும் நோயாளியிடம் தமிழில்தான் பேச வேண்டும். 'குறைந்த உப்பு உணவு' என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தால் ஆச்சி தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய் வத்தலும் அப்பளமும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். குழம்பில் உப்பைக் குறைத்தாயிற்று, அவ்வளவுதானே என்று நினைப்பார்கள். சர்க்கரை நோயாளி ஒருத்தர், "கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லதுதானே?" என்று கேட்டால், செட்டிநாட்டு வீடுகளில் கவுனி அரிசியைச் சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டு இனிப்பாகத்தான் செய்கிறார்கள் என்பது மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளிக்கு அறிவுரை சொல்லும் பாடத்தை நடத்தும் ஆசிரியர் இந்த ஊர் அடுப்படியிலிருந்து உதாரணம் எடுத்தால் பாடம் ஒரே நாளில் பிடிபடும்.

ரெக்கார்டுக்காக நோயாளியை விட்டுவிடுவது

கேஸ் ஸ்டடி, கேர் பிளான், ப்ரொசீஜர் ரெக்கார்ட் என்று எழுதிக் குவிக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், கலர் பென்சிலில் படம் வரைகிறார்கள். காலை ஏழு மணி டியூட்டிக்குத் தூக்கக் கலக்கத்தோடும் வெறும் வயிற்றோடும் பஸ் ஏறுகிறார்கள். வார்டில் மயங்கி விழும் மாணவிகளில் பலருக்கு வேறு வியாதி எதுவும் இல்லை. காலையில் சாப்பிடாததுதான் காரணம். ஹாஸ்டலில் ஆறு மணிக்கு டிபன் தயாராக இருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் அது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

பார்த்து எழுதும் பழக்கம் நோட்டோடு நிற்பதில்லை. வார்டில் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். எல்லா நோயாளிக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே இருக்கும். ஒருத்தரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ண வேண்டிய முறை சுலபமானது. நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே, நோயாளிக்குத் தெரியாமல், மார்பு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நிமோனியா முற்றுவதும் ரத்தத்தில் தொற்று பரவுவதும் பல சமயம் முதலில் மூச்சு வேகத்தில்தான் தெரியும். பி.பி. இறங்குவது அதற்கு அப்புறம். ஒரு ரெக்கார்டைக் குறைத்துவிட்டு, அந்த நேரத்தில் ஆசிரியர் வாட்சோடு கட்டில் பக்கம் நின்று மாணவியும் தானும் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால் பத்து நோட்டு எழுதியதைவிடப் பலன் அதிகம்.

கணக்கைச் சூத்திரமாக மட்டும் சொல்லித்தருவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் உயிர் போகும்.

இன்சுலின் குப்பிகள் நம் நாட்டில் இரண்டு அடர்த்தியில் கிடைக்கின்றன. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்றில் 100 யூனிட். ஊசியும் இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்காது. மாற்றி, 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். வியர்த்துக் கொட்டி, நினைவு தப்பி, கவனிக்க ஆளில்லாவிட்டால் நோயாளி பிழைப்பதே கஷ்டம். இதைப் பலகையில் எழுதிப் போட்டால் மண்டையில் ஏறாது. இரண்டு குப்பியையும் இரண்டு ஊசியையும் மேஜையில் வைத்து, தப்பாக இழுத்தால் எவ்வளவு வருகிறது என்று மாணவியின் கையாலேயே இழுக்க வைக்க வேண்டும். காலாவதியான குப்பி இருந்தால் போதும், இந்தப் பாடத்துக்குச் செலவே இல்லை.

டிரிப் கணக்கும் இப்படித்தான். 500 மில்லியை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. கணக்கைச் சரியாகப் போடும் பிள்ளை செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதில்லை. குழந்தைகளுக்கு வைக்கும் மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. அதில் அதே 21 சொட்டு விட்டால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். உறையைப் படிக்காமல் கிழிக்கக் கூடாது என்று முதல் நாளே பழக்க வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசினாலும் தகும். பார்க்கச் சாதாரண ஊசித் தண்ணீர் ஆம்ப்யூல் மாதிரியே இருக்கும். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதை மற்ற மருந்துகளோடு ஒரே டிரேயில் வைத்திருக்கும் வார்டில் மாணவியைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை.

தப்பு நடந்தால் எல்லார் முன்னாலும் திட்டுவது

மாணவி மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள், அல்லது கொடுக்கப் போனாள். வார்டே கேட்கும்படி சத்தம் போடுகிறோம். நோயாளியும் அவர் வீட்டு ஆட்களும் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த தடவை வெளியே சொல்லக் கூடாது. அதைவிட ஆபத்தான பாடம் இந்தத் தொழிலில் இல்லை. தப்பு நடந்த ஐந்தாவது நிமிஷத்தில் தெரிந்தால் மாற்று மருந்து கொடுக்கலாம், குளுக்கோஸ் ஏற்றலாம், டாக்டரைக் கூப்பிடலாம். இரண்டு மணி நேரம் கழித்துத் தெரிந்தால் என்ன செய்ய முடியும்?

முதலில் நோயாளியைப் பாருங்கள். அப்புறம் மாணவியைத் தனியாக உட்கார வைத்து, "என்னம்மா நடந்துச்சு, வரிசையாச் சொல்லு" என்று கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்திருக்கலாம், கேஸ் ஷீட்டில் கையெழுத்து புரியாமல் இருந்திருக்கலாம், ஒரே ஆளை நாலு பேர் நாலு வேலைக்கு ஏவியிருக்கலாம். காரணம் தெரிந்தால் அடுத்தவருக்கு அது நடக்காமல் தடுக்க வழி உண்டு. வந்து சொன்ன பிள்ளையைச் சொன்னதற்காகப் பாராட்டவும் வேண்டும். தவறைக் கண்டிக்க வேண்டாமா என்றால், வேண்டும்தான். கவனக்குறைவைக் கண்டிப்பது வேறு, ஆளைச் சிறுமைப்படுத்துவது வேறு.

இன்னொன்று, மாணவிகளை வார்டின் ஆள் பற்றாக்குறைக்கு ஈடாக வைத்துக்கொள்வது. லேபுக்கு ரத்தம் கொண்டுபோவது, மருந்துச் சீட்டு எடுத்துக்கொண்டு ஓடுவது என்று ஆறு மணி நேரமும் அதிலேயே கழிந்தால், அன்றைக்கு அவர்கள் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவை மட்டும்தான். இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு நாளைக்கு ஒரு நோயாளியையாவது முழுப் பொறுப்பாக ஒரு மாணவியிடம் ஒப்படைத்து, டியூட்டி முடியும்போது அடுத்த டியூட்டிக்கு வருபவரிடம் நோயாளி நிலையை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரை அவள் வாயால் சொல்லக் கேட்டால் அதுவே பெரிய பாடம்.

அவர்கள் உடம்பை மறந்துவிடுவது

முதல் செமஸ்டரிலேயே வார்டுக்கு அனுப்புகிறோம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். போஸ்டிங் தொடங்கிய பிறகு யோசித்தால் பிந்திவிடும். சேர்ந்த வாரமே முதல் ஊசி போட வேண்டும்.

போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடுவதுதான் கையில் குத்திக்கொள்ளப் பெரிய காரணம். குத்தியபின் பிதுக்கி ரத்தம் எடுப்பது, வாயில் வைத்து உறிஞ்சுவது, ஸ்பிரிட் ஊற்றுவது எல்லாமே தவறு. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. திட்டுக்குப் பயந்து பிள்ளை கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அந்த நேரம் போனது போனதுதான்.

கொடுப்பவர்கள் முதல் வருஷத்தோடு நின்றுவிடுவது

படிப்புக்குக் கொடுப்பதில் இந்த மண்ணுக்குப் பெரிய பேர் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இன்றும் கேட்டால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உதவி பெரும்பாலும் முதல் வருஷக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது, இல்லையென்றால் பெயர்ப் பலகை வைக்க வசதியான கட்டடமாகப் போகிறது. குடும்பத்துக்கு மூச்சு முட்டுவது மூன்றாம் வருஷத்தில். முதலில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியிருக்கும், தம்பியும் கல்லூரிக்கு வந்திருப்பான், "படிச்சது போதும், வரன் வந்திருக்கு" என்று சொந்தக்காரர்களும் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். அந்த வருஷம் கைகொடுத்தால் ஒரு நர்ஸ் உருவாகிறாள். விட்டுவிட்டால் அவள் பெயர் குழுமத்தின் பதிவேட்டில் ஏறவே ஏறாது.

கட்டணம் தவிர வேறு என்ன வாங்கித் தரலாம் என்று கல்லூரி நிர்வாகத்திடம் மட்டும் கேட்காதீர்கள். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்துக் கேளுங்கள். கால் வலிக்காத ஷூ, சொந்தமாக ஒரு ஸ்டெதஸ்கோப், போஸ்டிங் போய்வர பஸ் பாஸ், ஸ்கில் லேபில் பயிற்சிக்குக் கேனுலாவும் (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) கிளவுஸும் என்று சொல்வார்கள். கை வடிவப் பயிற்சிப் பொம்மையில் கேனுலா போட்டுப் பழக ஆளுக்குப் பத்தாவது வேண்டும். பல இடங்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு ஆசிரியர் செய்து காட்ட, மற்ற எல்லாரும் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.