சர்வீஸ் முடிந்த கைக்கடிகாரம் நின்றுபோனால் செய்யக்கூடாதவை

சர்வீஸ் செய்து மூடிய மெக்கானிக்கல் கைக்கடிகாரம் ஓரிரு நாளில் நின்றுவிட்டால், அதைக் குலுக்கி ஓடவைத்துப் பார்க்கத்தான் முதலில் கை போகும். அதைச் செய்யாதீர்கள். முட்கள் எந்த நேரத்தில் நிற்கின்றன, டயல் மேல்நோக்கி இருந்ததா கீழ்நோக்கி இருந்ததா, சாவி கொடுத்து எத்தனை மணி நேரமாயிற்று ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகே அதைத் தொட வேண்டும்; குலுக்கிவிட்டால் இந்தத் தடயங்கள் திரும்பக் கிடைக்காது.

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நின்றால், இயந்திரத்தை முழுவதும் பிரிப்பது வீண் வேலை. கோளாறு பெரும்பாலும் முட்களில்தான் இருக்கும். மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வைத்து, லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) வழியாகப் பக்கவாட்டில் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். மணி முள் டயலை உரசுகிறதா, விநாடி முள் கண்ணாடியைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நள்ளிரவையொட்டி மட்டும் நிற்குமானால் தேதி மாற்றும் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த தவறு, நின்றுவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுவது. சாவி கொடுக்கும்போது சுருண்டு விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங்கில் புறப்படும் விசை, ஒவ்வொரு பற்சக்கரத்தைக் கடக்கும்போதும் குறைந்து, வரிசையின் கடைசிப் பற்சக்கரமான எஸ்கேப் வீலை அடையும்போது மிகச் சிறியதாகிவிடுகிறது. அங்கே ஒரு துணி நாரோ, தேவையற்ற ஒரு துளி எண்ணெயோ ஓட்டத்தை நிறுத்தப் போதுமானது. எஸ்கேப் வீலை ஒவ்வொரு பல்லாகப் பிடித்து விடும் கவையான பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு வழக்கமாக எண்ணெயே இடுவதில்லை. அதன் நுனிகளில் உள்ள பேலட் கற்களின் முகத்துக்கு மட்டும் மிகக் குறைந்த அளவில் இடுவார்கள். முன்னும் பின்னும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டாலோ சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக வேகம் பிடிக்கும். காந்தம் ஏறினாலும் இதே அறிகுறிதான் என்பதால், கழுவுவதற்கு முன் காந்தத்தை நீக்கிப் பார்ப்பது நல்லது.

பற்சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று சோதிக்காமல் பேலன்ஸைக் குறை சொல்வதும் தவறு. பேலட் ஃபோர்க்கை எடுத்துவிட்டுச் சாவியை இரண்டு மூன்று சுற்று மட்டும் கொடுத்தால், சக்கரங்கள் சீராகச் சுழன்று, நிற்கும் தருணத்தில் சற்றே பின்னோக்கித் திரும்ப வேண்டும். திடுக்கென நின்றால் தடை அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் ஃபோர்க்கை எடுப்பதற்கு முன் மெயின் ஸ்பிரிங்கின் விசையை முழுவதும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரங்கள் கட்டுப்பாடின்றிச் சுழன்று அச்சு முனைகள் சேதமாகும். சக்கரங்களின் அச்சுகளை மேலிருந்து தாங்கும் தகடான பிரிட்ஜின் திருகுகளை இறுக்கும்போதும் இதே கவனம் தேவை: ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சக்கரங்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். அச்சைத் தாங்கும் சிறு கல்லின் துளையில் அமராத ஒரு முனையை இப்படி அவசரத்தில் நானே முறித்திருக்கிறேன். அந்தச் சிறு சத்தத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆட்டோமேட்டிக் கடிகாரமானால், கையில் கட்டியபடியே சோதிக்காதீர்கள். கையால் சாவி கொடுக்கும் வசதி இருந்தால், 30 முதல் 40 சுற்று கொடுத்து, அசைக்காமல் வைத்துவிடுங்கள். அப்படி வைத்தபோது முழு நேரமும் ஓடி, கையில் கட்டும்போது மட்டும் நின்றால், அநேகமாக, கையின் அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் எடையான ரோட்டரிலிருந்து விசையைக் கடத்தும் சக்கரங்களில்தான் பிழை இருக்கும். அங்கேயும் எண்ணெய் மிகுந்து வழுக்குகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.