கயாக் படம் பார்க்கும்போது தண்ணீரைப் பாருங்கள்

எங்கள் வீட்டு டிவியில் ஜூன் மாதம் முழுக்க ஒரு கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும். என் அண்ணன் மகள் கயாக் (இருபக்கத் துடுப்பால் உட்கார்ந்து ஓட்டும் சின்னப் படகு) கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்ற வருடம் தொடங்கிய வழக்கம் இது. மழைக்காலத்தில் கோவையிலிருந்து கோழிக்கோடு மாவட்டத்துச் சாலிப்புழை ஆற்றுக்குக் கிளம்புவதற்கு முன்னால், சனிக்கிழமை இரவுகளில் எல்லோரும் உட்கார்ந்து நதிப் படம் பார்ப்போம். தண்ணீரைப் படிக்கக் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இல்லாவிட்டால் மனம் கதையிலேயே கிடக்கும். இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிடுங்கள். பின்னணி இசைதான் எது ஆபத்து, எது இல்லை என்று நமக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. அது போனால் கண் தானாகத் தண்ணீருக்குப் போகும்.

1994இல் வந்த 'தி ரிவர் வைல்ட்' தொடங்குவதற்கு நல்ல படம். நடிகை மெரில் ஸ்ட்ரீப் இரண்டு நீளத் துடுப்புகளைப் பிடித்து ராஃப்ட்டை, அதாவது காற்றடைத்த ரப்பர் படகை, ஓட்டுவார். ஆறு பாறைகளுக்கு நடுவே வேகமாகப் பாயும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால் படத்தை நிறுத்துங்கள். டிவியில் ஒட்டிய கண்ணாடித்தாளில் மார்க்கர் பேனாவால், நீங்களாக இருந்தால் எந்த வழியில் போவீர்கள் என்று ஒரு கோடு போடுங்கள். அப்புறம் ஓடவிடுங்கள். ஆளுக்கு ஒரு நிறப் பேனா கொடுத்தால் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.

கோடு போட என்னென்ன பார்க்க வேண்டும்? ஓட்டத்தின் திசையில் குறுகிக்கொண்டே போகும் வழவழப்பான தண்ணீர் இருந்தால் அது ஆழமான வழி. தண்ணீர் அம்பு மாதிரிப் பிரிந்து, அதன் முனை மேலே, ஓட்டம் வரும் பக்கம் பார்த்திருந்தால் அந்த முனையில் பாறை இருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். அதுதான் எடி, படகுக்காரர் மூச்சு வாங்கும் இடம். பாறையைத் தாண்டி விழுந்த தண்ணீர் வெள்ளையாகத் தன் மேலேயே புரண்டுகொண்டிருந்தால் அது ஹோல். படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரையில் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் மரத்தைக் கண்டால் தாளில் சிவப்பில் பெருக்கல் குறி போடச் சொல்வேன். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது.

கேமரா சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. உயரத்திலிருந்து எடுத்தால் சரிவு தட்டையாகத் தெரியும். தலைக்கவசத்தில் மாட்டிய கேமரா அலையைச் சின்னதாக்கிவிடும். அதனால் ஆளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அலைக்குப் பின்னால் போன கயாக்காரரின் தலை மறைந்தால் அந்த அலை ஏறக்குறைய ஒரு மீட்டர். இன்னொன்று, திரையில் ஒரே ஆறாக ஓடுவது பல ஆறுகளாக இருக்கலாம். 'தி ரிவர் வைல்ட்' படத்தையே மொன்டானாவின் கூட்டெனை, ஓரிகனின் ரோக் என்று வேறு வேறு ஆறுகளில் எடுத்தார்கள்.

'டெலிவரன்ஸ்' பெரியவர்களுக்கு மட்டும். கொடூரமான காட்சிகள் உண்டு. 1972இல் ஜான் பூர்மன், ஜார்ஜியா எல்லையில் ஓடும் சட்டூகா ஆற்றில் எடுத்தார். அதில் வருவது கயாக் இல்லை, ஒற்றைப்பக்கத் துடுப்பு போடும் கனூ. "லைஃப் ஜாக்கெட்டைப் போடு" என்று ஒருவர் கத்துவதும், மற்றவர் போடாமல் தண்ணீரில் விழுவதும் வரும் இடத்தில் நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். அந்தப் படம் வந்தபின் அதைப் பார்த்துவிட்டு, பயிற்சி இல்லாமல் சட்டூகாவில் இறங்கியவர்களில் பலர் மூழ்கி இறந்தார்கள். இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

நானும் அப்படி ஒரு தவறு செய்திருக்கிறேன். முதல் வருடம் அதே மாவட்டத்து இருவஞ்ஞிப்புழை ஆற்றில் படகு கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று, படத்தில் நாயகர்கள் எழுந்து நிற்பதுபோல் நின்றேன். இடது கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டியது, பின்னாலிருந்து ஆறு முதுகை அழுத்தியது. நண்பர் கரையிலிருந்து கயிறு வீசியதால் வெளியே வந்தேன். ஓடும் தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுங்கள்; கால்கள் மேலே, ஓட்டத்தின் திசையில் இருக்கட்டும். படத்தில் யாராவது எழுந்து நின்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து "படு!" என்று கத்துவோம்.

ஆவணப்படங்களில் முதலில் 1977இல் வந்த 'தூத் கோசி'. மைக் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் குழு எவரெஸ்ட்டிலிருந்து இறங்கும் ஆற்றில் போனதை லியோ டிக்கின்சன் படமாக்கினார். இதில் ஓட்டுவதைவிடக் கரையில் நிற்பவர்களைக் கவனியுங்கள். யார் எங்கே காத்திருக்கிறார்கள், கவிழ்ந்தவரிடம் யார் முதலில் போகிறார்கள் என்று பாருங்கள். 1978இல் பாகிஸ்தானின் பிரால்டு ஆற்றில் தோழரைக் காப்பாற்றப் போய் ஜோன்ஸ் இறந்துபோனார். அதை அறிந்தபின் இந்தப் படத்தை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

கடைசிச் சனிக்கிழமைக்கு 'தி வெயிட் ஆஃப் வாட்டர்' வைத்திருப்பேன். பார்வையற்ற எரிக் வைஹன்மேயர் 2014இல் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றின் 446 கிலோமீட்டரைக் கயாக்கில் கடந்த கதை. பின்னால் வரும் வழிகாட்டி காதுக் கருவியில் சொல்லும் "இடது, வலது" மட்டும்தான் அவருக்குத் துணை. இந்தப் படத்துக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பாய்ச்சல் நெருங்குவதை அதன் இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

நம் ஊர் ஆறுகளில் இறங்குபவர்களுக்கு ஒன்றை நான் தனியாகச் சொல்லித் தருகிறேன்: தடுப்பணை. வெள்ளத்தில் பார்த்தால் சின்னப் படி மாதிரி இருக்கும். ஆனால் அடியில் கரையிலிருந்து கரைவரை தண்ணீர் ஒரே சீராகப் புரளும், தப்ப இடைவெளி கிடையாது. படகை எடுத்துக்கொண்டு கரையில் நடந்து தாண்டுங்கள்.

சாலிப்புழைக்குப் போனதும் உடனே படகை இறக்க மாட்டோம். அங்கே புலிக்கயம் என்ற இடத்தில் கரையில் நின்று, அண்ணன் மகள் முதலில் தன் வழியை விரலால் காற்றில் வரைவாள். அப்புறம் நான் ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் எறிவேன். போன வருடம் அவள் சொன்ன எடிக்குள் போய் அது நின்றது.