பட்டம் ஒரு வழி, ரத்தம் ஒரு வழி: ஸ்காட்லாந்து பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் கூவம் கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நேப்பியர் பாலம் இருக்கிறது. 1869-ல் கட்டியது. எந்த நேப்பியர் என்று தேடப் போனால் முதல் குழியிலேயே விழுந்துவிடலாம், நானும் விழுந்திருக்கிறேன். ஏனென்றால் 1870-ஐ ஒட்டி இந்தியாவில் ஒரே சமயத்தில் இரண்டு 'லார்ட் நேப்பியர்'கள் இருந்தார்கள். ஒருவர் அபிசீனியப் போரில் ஜெயித்து 1868-ல் பட்டம் வாங்கிய ராணுவத் தளபதி ராபர்ட் நேப்பியர், அதாவது மக்தலாவின் நேப்பியர் பிரபு. இன்னொருவர் 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர், 10-வது லார்ட் நேப்பியர். பாலம் இவர் பேரில்தான்.

சரி, ஆளைப் பிடித்தாயிற்று. 10-வது என்றால் அப்பா, தாத்தா என்று ஒன்பது படி ஏறினால் முதல் லார்ட் நேப்பியர் வந்துவிடுவார், அவருடைய அப்பா மடக்கையைக் கண்டுபிடித்த கணித மேதை ஜான் நேப்பியர், ஆகவே பாலத்துக்காரர் கணித மேதையின் நேரடி ஆண்வழி வாரிசு என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. 1627-ல் பட்டம் வாங்கியவர் ஜான் நேப்பியரின் மகன் ஆர்ச்சிபால்ட் என்பது வரை சரி. மூன்றாவது பிரபுவுக்குப் பிள்ளை இல்லை. அவர் 1677-ல் தன் பட்டத்தை ராஜாவிடம் ஒப்படைத்து, சகோதரிகள் வழியாகவும் போகலாம் என்ற புதிய நிபந்தனையோடு திரும்ப வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின் பட்டம் முதலில் ஒரு சகோதரியின் மகனுக்கு வந்தது. அவரும் சீக்கிரம் இறந்துவிட, இன்னொரு சகோதரி மார்கரெட்டுக்குப் போனது. அங்கிருந்து மார்கரெட்டுடைய மகளின் மகன் பிரான்சிஸ் ஸ்காட்டுக்கு. அவர் தன் குடும்பப் பெயரை நேப்பியர் என்று மாற்றிக்கொண்டு 6-வது பிரபுவானார். ஆக, நம் பாலத்து நேப்பியர் தந்தைவழியில் பார்த்தால் ஒரு ஸ்காட்! போதாக்குறைக்கு 1872-ல் அவருக்கு எட்ரிக் பாரன் என்ற இன்னொரு பட்டமும் கிடைத்தது. ஒரே ஆள் 10-வது லார்ட் நேப்பியர், 1-வது பாரன் எட்ரிக்.

இந்த ஒரு குடும்பத்திலேயே விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெயர், ரத்தம், பட்டம், நிலம் ஆகிய நான்கும் சேர்ந்தே கைமாறும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் தேட ஆரம்பிக்கிறோம். ஸ்காட்லாந்தில் நான்கும் தனித்தனி வழியில் போகக்கூடியவை. இங்கிலாந்தின் விதிகளை அப்படியே வடக்கே கொண்டுபோய் வைப்பதும் சேர்ந்துகொண்டால் குழப்பம் இரட்டிப்பு.

'லார்ட்' என்றால் பிரபு என்று எழுதிவிடுவது

இங்கிலாந்தில் பிரபுப் பட்டங்கள் மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று இறங்கும். கடைசிப் படி பாரன். ஸ்காட்லாந்தில் அந்த இடத்தில் இருப்பவர் 'லார்ட் ஆஃப் பார்லிமென்ட்'. அங்கே பாரன் என்பது வேறு சங்கதி. ராஜாவிடமிருந்து சில அதிகாரங்களோடு நிலம் பெற்றவர் பாரன். அது நிலத்தோடு ஒட்டிய பதவி, பிரபுக்கள் சபையில் இடம் தரும் பட்டமாக எண்ணப்பட்டதில்லை. நிலத்தை விற்றால் அதுவும் கூடவே போகும். 2000-ல் இயற்றி 2004 நவம்பர் 28-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தப் பழைய நிலமுறையை ஒழித்தது. அதன் பிறகு பாரன் என்ற கௌரவம் நிலத்திலிருந்து பிரிந்து தனியாக நிற்கிறது. ஆகவே பழைய ஸ்காட்டிஷ் ஆவணத்தில் 'பாரன்' என்று பார்த்தவுடன் பிரபுக்கள் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார்.

இதைவிடப் பெரிய பொறி நீதிபதிகள். எடின்பரோவின் உச்ச சிவில் நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் 'லார்ட்' என்றே அழைக்கப்பட்டார்கள், இன்றும் அப்படித்தான். லார்ட் கேம்ஸ் என்பவர் ஹென்றி ஹோம். லார்ட் மான்போடோ என்பவர் ஜேம்ஸ் பர்னெட். லார்ட் ஆக்கின்லெக், எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல்லின் அப்பா. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் அவர்களுடைய எஸ்டேட்டின் பெயர்கள். பதவியோடு முடிந்துவிடும், மகனுக்குப் போகாது. ஜேம்ஸ் பாஸ்வெல்லுக்கு எஸ்டேட் வந்தது, 'லார்ட்' வரவில்லை.

'லேர்ட்' என்பதும் பட்டமில்லை, நிலக்கிழார் என்று மட்டும் பொருள். ஒரு சதுர அடி ஸ்காட்டிஷ் நிலம் வாங்குங்கள், லேர்ட் ஆகுங்கள் என்று சான்றிதழ் விற்கும் விளம்பரங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். நினைவுப் பொருளாக விற்கும் அந்தத் துண்டு நிலங்களை நிலப்பதிவேட்டில் பதியக்கூடச் சட்டம் இடம் தரவில்லை. சுவரில் மாட்டிக்கொள்ளலாம், கொடிவழியில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் 'சர்'. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் நிற்கும் தாமஸ் மன்றோ 1825-ல் பாரனெட் ஆனவர். அது மகனுக்குப் போகும் பட்டம்தான், ஆனாலும் பாரனெட் பிரபு வரிசையில் வரமாட்டார்.

எண்ணை நம்பி ஏமாறுவது

ஆர்கைல் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பெல் குலத் தலைவர்கள். 8-வது ஏர்ல் ஆர்ச்சிபால்ட் 1641-ல் மார்க்விஸ் ஆனார், 1661-ல் தலை வெட்டப்பட்டார். மார்க்விஸ் பட்டம் அவரோடு போயிற்று. மகன் ஆர்ச்சிபால்டுக்கு ஏர்ல் பட்டம் மட்டும் திரும்பக் கிடைத்து 9-வது ஏர்ல் ஆனார். அவருக்கும் 1685-ல் தலை போயிற்று. அவர் மகன், அவரும் ஆர்ச்சிபால்ட், 10-வது ஏர்ல். 1701-ல் அவரை டியூக் ஆக்கியதும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டது. 'தலை வெட்டப்பட்ட ஆர்கைலின் ஆர்ச்சிபால்ட்' என்று குறித்து வைத்தால் அது அப்பாவா மகனா? '8-வது ஆர்கைல்' என்றால் 1661-ல் இறந்த ஏர்லா, அல்லது 1868 முதல் 1874 வரை லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த 8-வது டியூக் ஜார்ஜா? எண்ணோடு படிநிலையையும் இறந்த ஆண்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

பெண்வழியை ஒதுக்குவது

ஆண் வாரிசு இல்லாவிட்டால் பட்டம் அற்றுப்போய்விடும் என்பது பொதுவான எண்ணம். பழைய ஸ்காட்டிஷ் பட்டங்கள் பல மகளுக்கும் போகக்கூடியவை. ஒவ்வொன்றும் எந்த நிபந்தனையில் தரப்பட்டது என்று பார்க்காமல் ஒரு கோடுகூடப் போடக்கூடாது.

சதர்லாந்து இதற்குக் கச்சிதமான உதாரணம். சதர்லாந்து ஏர்ல் பட்டம் இடைக்காலத்து ஸ்காட்டிஷ் பட்டம், பெண்ணுக்கும் போகும். சதர்லாந்து டியூக் பட்டம் 1833-ல் கொடுத்தது, ஆணுக்கு மட்டும். 19-வது கவுண்டஸ் (ஏர்ல் பட்டம் வைத்திருக்கும் பெண்) எலிசபெத்தின் கணவருக்குத்தான் அந்த டியூக் பட்டம் வந்தது. 1839-ல் எலிசபெத் இறந்ததும் இரண்டும் மகனிடம் சேர்ந்தன, அதற்குப் பின் 124 ஆண்டுகள் ஒரே ஆள் தலையில் இருந்தன. 1963-ல் 5-வது டியூக் பிள்ளையில்லாமல் இறந்தார். அவருடைய தம்பி மகள் எலிசபெத் 24-வது கவுண்டஸ் ஆனார். டியூக் பட்டம் எங்கோ தூரத்து ஆண்வழியில் இருந்த எல்ஸ்மியர் ஏர்லுக்குப் போயிற்று. அன்று முதல் சதர்லாந்து என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள்.

மார் ஏர்ல் விவகாரம் இன்னும் வேடிக்கை. 1866-ல் ஒரு மார் ஏர்ல் இறந்தார். பட்டம் கேட்டுச் சகோதரி மகன் ஒரு பக்கம், ஆண்வழி உறவினரான கெல்லி ஏர்ல் மறுபக்கம். 1875-ல் பிரபுக்கள் சபை கெல்லி பக்கம் தீர்ப்பு சொன்னது. பட்டம் 1565-ல் புதிதாகத் தரப்பட்டது, ஆணுக்கே போகும் என்றார்கள். நியாயமில்லை என்று கூச்சல் கிளம்பி 1885-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது: பழைய மார் பட்டம் உயிரோடுதான் இருக்கிறது, அது சகோதரி மகனுக்கு. தீர்ப்பும் நிற்கிறது, சட்டமும் நிற்கிறது. விளைவு, இரண்டு மார் ஏர்ல் பட்டங்கள்!

முறைமணத்துக்கு வெளியே பிறந்தவர்களையும் கோட்டிலிருந்து அவசரமாக அழிக்காதீர்கள். 1388-ல் 2-வது டக்ளஸ் ஏர்ல் ஆட்டர்பர்ன் போரில் இறந்தபோது பட்டத்தைப் பிடித்த ஆர்ச்சிபால்ட் அப்படிப் பிறந்தவர்தான். தவிர, ஸ்காட்டிஷ் சட்டத்தில் பெற்றோர் பின்னால் மணம் செய்துகொண்டால் பிள்ளை முறையான பிள்ளை ஆகிவிடும். பாதிரியார் இல்லாமல், இருவரும் சம்மதம் சொல்லிச் செய்துகொண்ட திருமணம்கூட 1940 வரை செல்லும். தேவாலயப் பதிவு இல்லை என்பதால் கல்யாணமே ஆகவில்லை என்று முடிவு கட்டமுடியாது.

ஆவணத்தில் வழுக்கும் இடங்கள்

உறவுச் சொற்கள்தான் மோசம். லத்தீன் ஆவணத்தில் 'நெபோஸ்' என்று வந்தால் பேரனாகவும் இருக்கலாம், உடன்பிறந்தவரின் மகனாகவும் இருக்கலாம். இப்படி ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் கொடிவழியில் ஒரு தலைமுறையே கூடும் அல்லது குறையும். 'குட்-பிரதர்' என்று ஸ்காட்டிஷ் கடிதத்தில் இருந்தால் நல்ல சகோதரன் என்று உருகவேண்டாம், மைத்துனன். 'கின்டெயிலின் டியூட்டர்' வாத்தியார் கிடையாது. சிறுவயது வாரிசுக்காகச் சொத்தைப் பார்த்துக்கொண்ட காப்பாளர், பெரும்பாலும் சித்தப்பா. 'மாஸ்டர் ஆஃப் லவட்' என்றால் லவட் பட்டத்துக்கு அடுத்த வாரிசு. 'மான்கிரீஃப் ஆஃப் தட் இல்க்' என்பதைப் பார்த்து வரைபடத்தில் இல்க் என்ற ஊரைத் தேடியவர்கள் உண்டு. குடும்பப் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றே என்பதுதான் அதன் பொருள்.

மணமான பெண்கள் பழைய ஸ்காட்டிஷ் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள், கல்லறைக் கல்லிலும் அப்படியே. தேடுகிறவருக்கு இது வரம். ஆனால் கணவன் பெயர் இல்லையே, மணமாகாதவள் போலும் என்று தள்ளிவிட்டால் போச்சு.

தேதியில் ஒரு கண்ணி. ஸ்காட்லாந்து 1600 முதல் ஜனவரி 1-ஐ வருடப் பிறப்பாக எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து 1752 வரை மார்ச் 25-ஐ விடவில்லை. முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, லண்டன் கணக்கில் 1648, எடின்பரோ கணக்கில் 1649. ஜனவரி முதல் மார்ச் வரை வரும் எந்தத் தேதியையும் எந்த ஊர் ஆவணம் என்று பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உயிலைப் பற்றியும் ஒன்று. 1868 வரை ஸ்காட்லாந்தில் நிலத்தை உயிலில் எழுதிக் கொடுக்க முடியாது. அது சட்டப்படி தானாக மூத்த மகனுக்குப் போகும். உயில் பணம், மாடு, மரச்சாமான் போன்றவற்றுக்கு மட்டும். ஆகவே மூத்த மகன் பெயர் உயிலில் இல்லையென்றால் அப்பாவோடு சண்டை என்று கதை கட்டவேண்டாம். அவரைத் தேடவேண்டிய இடம் வாரிசு விசாரணைப் பதிவுகள். நம்மூர் வாரிசுச் சான்றிதழ் மாதிரி, ஆனால் நடுவர் குழு வைத்து விசாரித்துக் கொடுப்பது. சிலர் அப்பா இறந்து பல ஆண்டு கழித்துத்தான் அதை வாங்கியிருப்பார்கள், எனவே அந்தத் தேதியை இறந்த தேதியாக எடுத்துக்கொள்வதும் தவறு.

பெயர் ஒன்று என்றால் குலமும் ஒன்றா?

குலத் தலைவரின் நிலத்தில் வாழ்ந்த குடியானவர்கள் பலர் அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். கேம்பெல் என்ற பெயர் மட்டும் இருந்தால் ஆர்கைல் டியூக்கின் பங்காளி ஆகிவிட முடியாது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1603-ல் மெக்ரிகர் என்ற பெயரையே ராஜா தடை செய்தார். உயிருக்குப் பயந்து அவர்கள் கேம்பெல், டிரம்மண்ட், மர்ரே என்று கிடைத்த பெயர்களுக்குள் ஒளிந்தார்கள். இடையில் சிலகாலம் தளர்ந்த தடை, முற்றாக நீங்கியது 1774-ல்தான். (மெக் என்று எழுதினால் ஐரிஷ், மேக் என்றால் ஸ்காட்டிஷ் என்பது வெறும் கதை.)

'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கோப்பையில் அச்சடித்து விற்பதும் இதே வகை. ஸ்காட்டிஷ் சட்டத்தில் மரபுச் சின்னம் குடும்பத்துக்கு உரியதில்லை, ஒரு தனி ஆளுக்கு உரியது. 1672 சட்டப்படி அமைந்த பொதுப் பதிவேட்டை லார்ட் லயன் என்ற அதிகாரி பராமரிக்கிறார், மீறினால் வழக்கே போடலாம். குலத்தைச் சேர்ந்தவர்கள் அணியக்கூடியது தலைவரின் முகட்டுச் சின்னத்தைச் சுற்றி வாரும் கொக்கியும் போட்ட வில்லை மட்டும்.

பழைய கொடிவழிகளின் உச்சியில் இருக்கும் பெயர்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்கு மூதாதை பாங்கோ என்று நூற்றாண்டுகளாக எழுதினார்கள். பாங்கோ என்று ஒருவர் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. 1527-ல் ஹெக்டர் போயீஸ் எழுதிய வரலாற்றில் முளைத்த ஆள் அவர். உண்மையான ஸ்டூவர்ட்கள் பிரிட்டனியின் டோல் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். அரண்மனையை நிர்வகிக்கும் 'ஸ்டீவர்ட்' உத்தியோகமே பிறகு பெயரானது.

கடைசியாக டக்ளஸ் வழக்கு. டக்ளஸ் டியூக்கின் சகோதரி லேடி ஜேன் ரகசியமாக மணந்து, 1748-ல், 50 வயதில், பாரிஸில் இரட்டை ஆண் பிள்ளைகள் பெற்றதாகச் சொன்னார். ஒன்று இறந்துவிட்டது, பிழைத்தது ஆர்ச்சிபால்ட். 1761-ல் டியூக் வாரிசின்றி இறந்ததும் டியூக் பட்டம் அற்றுப்போனது, மார்க்விஸ் பட்டம் ஆண்வழி உறவினரான ஹாமில்டன் டியூக்கிடம் போனது, நிலம் ஆர்ச்சிபால்டிடம். பையன் பாரிஸில் விலைக்கு வாங்கியவன் என்று ஹாமில்டன் தரப்பு வழக்குப் போட்டது. 1767-ல் எடின்பரோவின் 'லார்ட்' நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவர் வாக்கில் ஹாமில்டன் ஜெயித்தார். 1769-ல் லண்டன் பிரபுக்கள் சபை அதைக் கவிழ்த்து ஆர்ச்சிபால்ட் மகன்தான் என்றது. அவருடைய ஆண்வழி 1857-ல் நின்றுபோக, எஸ்டேட் மகள் வழியாக, அந்த மகளின் மகள் வழியாக, ஹோம் ஏர்ல்களின் குடும்பத்துக்கு வந்தது. நிலத்தோடு டக்ளஸ் என்ற பெயரையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். 1963-ல் 14-வது ஹோம் ஏர்ல் பட்டத்தைத் துறந்துவிட்டு பிரிட்டிஷ் பிரதமராகத் தொடர்ந்தபோது அவர் பெயர் சர் அலெக் டக்ளஸ்-ஹோம்.