ஆயில் எஞ்சினில் டீசல் செலவைக் குறைக்கும் வழி: அளவெடுப்பதிலிருந்து ஷிம் மாற்றுவது வரை

மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12-இல் திறக்கப்பட்டாலும், திருத்துறைப்பூண்டி போன்ற கடைமடைப் பகுதிகளுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகிறது. வந்த பிறகும் வாய்க்கால் மட்டம் பல இடங்களில் வயலுக்குக் கீழேயே நிற்பதால், மின் இணைப்பு இல்லாதவர்கள் ஆயில் எஞ்சினை வைத்துத்தான் இறைக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தேங்கிய மழைநீரை வடிகாலுக்குத் தள்ளவும் அதே எஞ்சின்தான். அதன் டீசல் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எஞ்சினின் தலையைக் கழற்றுகிறார்கள். டெல்டாவில் நீரை ஏற்றும் உயரம் குறைவு என்பதால், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே, பைப்பிலும் பம்பிலும் இருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் அளவெடுங்கள்

எதை மாற்றினாலும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு அளவுகள் வேண்டும்: எரிந்த டீசல், இறைத்த தண்ணீர். எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பின் நிறுத்தி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, மில்லி கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குடுவையை டேங்க் இருந்த அதே உயரத்தில் கட்டி, அதிலிருந்து டீசல் இறங்கும்படி இணைக்க வேண்டும். குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு எஞ்சினை மீண்டும் ஓட்டி, 100 மில்லி இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். மணிக்கு 1 லிட்டர் குடிக்கும் எஞ்சினில் இதற்கு 6 நிமிடம் ஆகும். நாசிலிலிருந்து (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) திரும்பி வரும் கசிவுக் குழாயையும் அதே குடுவைக்குள் விட மறந்தால் கணக்கு தப்பிவிடும்.

தண்ணீரை அளக்க, ஒரு தகரத் தகட்டில் 90 பாகை கொண்ட 'வி' வடிவ வெட்டு வெட்டி, வாய்க்காலின் குறுக்கே செங்குத்தாகவும் ஓரத்தில் கசிவில்லாமலும் களிமண் வைத்துப் பதிக்கலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைத் தகட்டை ஒட்டி அளக்காமல், அந்த உயரத்தைப் போல் நான்கு மடங்கு தூரம் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். தகட்டைத் தாண்டும் நீர் தடையின்றிக் கீழே விழவும் வேண்டும். உயரம் 10 செ.மீ. என்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 12 செ.மீ. என்றால் 6.9 லிட்டர், 14 செ.மீ. என்றால் 10 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர் போகிறது என்று கொள்ளலாம்.

இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. விநாடிக்கு 10 லிட்டரை 5 மீட்டர் உயரம் ஏற்றத் தேவையான திறன் 490 வாட். முக்கால் குதிரைத்திறன்கூட இல்லை. மணிக்கு 1 லிட்டர் டீசல் எரித்து 36,000 லிட்டர் தண்ணீரை அப்படி ஏற்றினால், டீசலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது. ஒரு மா (மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) வயலில் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தச் சுமார் 67,000 லிட்டர் வேண்டும் என்பதால், உறிஞ்சலையும் கசிவையும் விட்டுவிட்டால்கூட 2 லிட்டர் டீசல் அருகில் வந்துவிடுகிறது. ஃபில்டர் பாயிண்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே மட்டத்தையும் சேர்த்துக் குறித்து, ஒரே மட்டத்தில் எடுத்த அளவுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

பைப்பிலும் பம்பிலும் செய்ய வேண்டியவை

டெலிவரி பைப்பை ஆள் உயரத்துக்குத் தூக்கி, தண்ணீர் வளைந்து தொட்டியில் கொட்டும்படி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். குளிக்க வசதிதான், ஆனால் மொத்த ஏற்றம் 5 மீட்டராக இருக்கும் இடத்தில் தேவையில்லாத 1 மீட்டர் என்பது, தண்ணீரை ஏற்றும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு வீண். பைப்பின் வாயை வாய்க்கால் மட்டத்துக்கு இறக்குவதற்குச் செலவு அநேகமாக ஒன்றும் இல்லை.

அடுத்தது பைப்பின் விட்டம். ஒரே அளவு தண்ணீர் போகும்போது உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் குறைவதால், இரண்டரை அங்குலப் பைப்பை 3 அங்குலமாக மாற்றினால் உராய்வு பழையதில் சுமார் 40 சதவீதமாகிவிடும். கூர்மையான எல்போக்களை எடுத்துவிட்டு நீள வளைவுள்ள பெண்டுகளைப் போடுங்கள். வாய்க்காலில் இறைப்பவர்கள் உறிஞ்சும் பைப்பின் அடியில் உள்ள புட் வால்வை ஒரு மூங்கில் கூடைக்குள் இறக்கினால், ஆகாயத்தாமரை வேர் சல்லடையை அடைக்காது. சக்‌ஷன் பக்கம் (பம்ப் நீரை உறிஞ்சும் பக்கம்) உயரம் 6 மீட்டரைத் தாண்டும் கோடையில், பம்பைக் குழிக்குள் இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பம்பின் வேகமும் கவனிக்கத்தக்கது. சுழல் வேகம் 10 சதவீதம் குறைந்தால் எஞ்சினிடமிருந்து பம்ப் இழுக்கும் திறன் கால் பங்குக்கு மேல் குறைகிறது. தண்ணீரும் குறையும், ஏற்றம் கூடுதலாக உள்ள இடத்தில் அதைவிட அதிகமாகவே குறையும். ஆகவே பிளைவீலில் ஒளிரும் பட்டை ஒட்டி டேக்கோமீட்டரால் வேகத்தைப் பார்த்து, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் திருகால் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்து 50, 50 சுற்றாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மேற்சொன்ன இரு அளவுகளையும் எடுத்து, 1 லிட்டர் டீசலுக்கு அதிகத் தண்ணீர் வரும் வேகத்தில் நிறுத்துங்கள். தயாரிப்பாளர் குறித்துள்ள குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. பெல்ட் பூட்டிய செட்டாக இருந்து, நீரும் தாராளமாகக் கிடைத்தால் மறுபக்கமாகவும் யோசிக்கலாம்: சுமை குறைந்த எஞ்சின், செய்யும் வேலைக்கு மீறி டீசல் குடிக்கும் என்பதால், அதே எஞ்சினில் பெரிய பம்பைப் பூட்டிச் சீக்கிரமே இறைத்து முடித்துவிடலாம்.

எஞ்சினுக்குள்

பம்பிலிருந்தே குளிர்நீர் எடுக்கும் எஞ்சின்களில், அந்தச் சிறு குழாயை முழுவதும் திறந்துவிட்டு, வெளியே வரும் நீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லாத நிலையில் ஓட்டுவதைப் பல கொல்லைகளில் காணலாம். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் சரியாக எரியாது, லைனரும் சீக்கிரம் தேயும். குழாயில் ஒரு வால்வு வைத்து, வெளியேறும் நீர் 60 முதல் 70 டிகிரி வரை இருக்கும்படி, அதாவது கையை ஓரிரு விநாடிக்கு மேல் வைக்க முடியாத சூட்டுக்கு, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். முழுவதும் மூடிவிட முடியாதபடி வால்வில் ஒரு சிறு துளை போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் நீர் நின்றுபோனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கரும்புகை வந்தால் முதலில் காற்று வடிகட்டியையும், கரி படிந்த சைலன்சரையும், அதன் பிறகு நாசிலையும் பாருங்கள். நாசிலின் பீச்சலைக் கடையில் சோதிப்பதே சரி. வீட்டில் பார்க்க முயன்று கையைக் குறுக்கே வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசிமுனை அளவுதான் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டைமிங்கை, அதாவது டீசல் பீச்சும் நேரத்தை, மாற்றுவது கடைசி வேலை. பியூயல் பம்புக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கூட்டினால் பீச்சல் தாமதமாகும். எடுத்தால் முன்னதாக நிகழும். ஒரு முறைக்கு ஒரே ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்து, அளந்து பாருங்கள். எஞ்சின் கடகடவென்று தட்டத் தொடங்கினால் எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

எரிபொருள் குழாயில் காந்தம் கட்டுவதும், தண்ணீரிலிருந்து வாயு எடுத்து எஞ்சினுக்குக் கொடுப்பதும் காசுக்குக் கேடு: தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல், அந்த வாயு எரிந்து தருவதைவிட அதிகம். மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். அதில் வழவழப்புக் குறைவு என்பதால் பியூயல் பம்ப் தேய்ந்துவிடும்.

கடைசியாக, ஆயில் எஞ்சின் அல்லாத ஒன்றைப் பற்றியும் ஒரு சொல்: மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயரில் உள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே புகைபோக்கி வழியே போய்விடுகிறது. கார்புரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்கிக் கலவையை மெலிதாக்கினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளுமே ஒழிய, இந்தக் குறை தீராது. அங்கே மிச்சம் வேண்டுமென்றால் ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்பிரேயர்தான் வாங்க வேண்டும்.