கர்ப்பிணியைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுப்பது எது? கண்டறிந்து விலக்கும் முறை

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகையும் இருக்கிறது. வலி எடுத்த பின் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல பெரும்பாலும் எந்தக் குடும்பமும் தயங்குவதில்லை. அதற்கு முந்தைய மாதங்களில்தான் பெண்ணின் கூலியும், கையிருப்பும், வீட்டில் அவள் சொல்லுக்குள்ள மதிப்பும் குறுக்கே நிற்கின்றன. கடலூர் மாவட்டத்தில் மகளிர் குழுக்களில் இருந்துகொண்டு கர்ப்பிணிகளுக்குத் துணை நிற்பவர்களுக்காக இக்குறிப்பு.

முதலில் கேட்க வேண்டியது "பரிசோதனைக்குப் போனாயா?" என்பதன்று; "ஒரு நாள் போனால் எவ்வளவு கூலி போகும்?" என்பதே. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களில் பலருக்கு எடைக்கு ஏற்பத்தான் கூலி. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு உட்கார்ந்திருக்கும் அவளுக்கு, ஸ்கேனுக்கு ஒரு நாள், இரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு நாள் என்று அலைவது இரண்டு நாள் அடுப்புச் செலவு. 2017 முதல் சட்டம் 26 வார ஊதிய மகப்பேறு விடுப்பைத் தருகிறது என்றாலும், வருகைப் பதிவேடே இல்லாத வேலையில் அதைக் கேட்டுப் பெறுவது எளிதன்று. ஆகவே எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் முடிக்கக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் நடக்கும் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் இதற்கு ஏற்றது. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், பேருந்துச் செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்தது பணம். 12 வாரத்திற்குள் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி என்னும் அரசுப் பதிவு எண்ணை வாங்கினால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் முதல் தவணை தாமதமின்றிக் கிடைக்கும். 2018 முதல் இதன் மதிப்பு 18,000 ரூபாய்: 14,000 ரூபாய் ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஆதாரில் தந்தையின் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் கணவரின் இனிஷியல் என்று இருந்தால் தொகை நின்றுவிடக்கூடும் என்பதால், அதைப் பதிவுசெய்யும்போதே சரிசெய்யுங்கள். ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது என்பதையும் பக்குவமாக விசாரியுங்கள். கணக்கு அவள் பெயரிலும் அட்டை கணவர் சட்டைப் பையிலும் இருந்தால், அவளுக்கென்று ஒரு முட்டைகூட வாங்கப்படாமல் அந்தத் தொகை கரைந்துவிடும்.

மாமியாரைத் தவிர்த்துவிட்டு மருமகளிடம் மட்டும் பேசுவது பயன் தராது என்பது என் கருத்து. "அத்தை, இரத்தம் பதினொன்று இருக்க வேண்டுமாம், இவளுக்கு எட்டுதான் இருக்கிறது" என்று ஹீமோகுளோபின் அளவு எழுதிய தாய்-சேய் நல அட்டையைக் கையில் கொடுத்துக் காட்டினால், "நாங்களெல்லாம் மாத்திரை தின்றா பெற்றோம்?" என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது, கால்சியம் மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது என்பதைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தையும் அவர்தான் மாற்ற முடியும்.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவளின் தாய்வீடு பாகூரில் இருந்தால், அவள் செல்வது புதுச்சேரி என்னும் வேறொரு நிர்வாகத்திற்கு. வளைகாப்புக்கு முன்பே செவிலியரிடம் சொல்லிவிட்டு, தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கை, பிக்மி எண் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். குழந்தை பிறந்ததும் புகுந்த ஊரின் அந்தச் செவிலியருக்கே தகவல் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடுந்தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கணவர் கடலிலிருந்தோ கரும்பு வெட்டிலிருந்தோ திரும்பும்வரை காத்திராமல் 108-ஐ அழைப்பவர் யார், உடன் செல்பவர் யார், மூத்த பிள்ளையை வைத்துக்கொள்பவர் யார் என்று வீட்டார் முன்னிலையில் கேட்டு, மூன்று பெயர்களையும் தாய்-சேய் நல அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள்.