13 வயதில் றக்கெட் எடுக்கும் பிள்ளையைக் கழகத்தில் வளர்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை ரெனிஸ் பழகப் போகிறேன் என்று கேட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி "அப்ப ரியூசனை என்ன செய்யிறது?" என்பதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். கழகத்தில் சேர்த்த பிறகு அனேகமான பெற்றோர் விடும் பிழை வேறு. மாதக் காசைக் கட்டி, கிழமைக்கு இரண்டு நாள் பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கி, ஒரு மணித்தியாலப் பயிற்சி முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அக்காவின் மகனை நாங்களும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் கூட்டித் திரிந்தோம். அவன் பந்தை வலைக்கு மேலால் அனுப்பப் பழகினான், ஆட்டம் பழகவில்லை. கழகத்தில் ஒரு பிள்ளை வளர்வது பயிற்சிக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் அந்த அரை மணித்தியாலங்களில்தான், அதனால் அரை மணி முந்திக் கொண்டுபோய் விடுங்கள், அரை மணி பிந்திப் போய்க் கூப்பிடுங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு பின்னேரம் சொல்லாமல் போய் வேலியோரம் நின்று பாருங்கள். எட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு பந்து அடித்துவிட்டுத் திரும்பப் பின்னுக்குப் போகிறார்களா? அப்படியென்றால் நேரத்தின் பெரும்பகுதி நிற்பதிலேயே போகும். பெரியவர்கள் சிறுவர்களோடு சேர்ந்து ஆடுகிறார்களா, அடித்துப் பழக ஒரு சுவர் இருக்கிறதா என்று கவனியுங்கள். சுவர் இருக்கும் கழகம் என்றால் எனக்குப் பாதி திருப்தி.

சுவரில் சோக்கால் ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். வலையின் உயரம் நடுவில் 91 சென்ரிமீற்றர், ஓரங்களில் 107. நடு உயரத்துக்குக் கோட்டைப் போட்டு, அதற்கு மேல் இரண்டு சாண் இடைவெளியில் பந்து படவேண்டும் என்று வைத்தால் போதும். சுவரிலிருந்து பந்து ஆளைவிடக் கெதியாகத் திரும்பி வரும், ஆகவே தொடக்கத்தில் நன்றாகப் பின்னுக்கு நின்று பந்தை இரண்டு தரம் குத்த விட்டு அடிக்கலாம்.

றக்கெட் வாங்கும்போது தொலைக்காட்சியில் வரும் ஆட்டக்காரரின் றக்கெட்டைத் தேடாதீர்கள். இந்த வயதுக்கு 27 அங்குலம், 260 முதல் 280 கிராம் வரை இருந்தால் சரி. பிடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றக் கையின் சுட்டுவிரல் ஒன்று நுழைகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவு. றக்கெட்டில் கட்டும் நரம்பு பொலியெஸ்டராக வேண்டாம், அது விறைப்பானது, வளரும் முழங்கைக்கும் தோளுக்கும் கூடாது. முற்றிலும் புதிதாகத் தொடங்கும் பிள்ளை என்றால் முதல் சில கிழமைகளுக்குப் பச்சைப் புள்ளிப் பந்து நல்லது, வழமையான பந்தைவிடக் கால்வாசி வேகம் குறைந்தது, அடியைச் சரியாகப் பழக நேரம் கிடைக்கும்.

இனி முக்கியமானது. கழகத்தில் மாலையில் இரட்டையர் ஆட வரும் வயதானவர்களோடு பிள்ளையை ஆட விடுங்கள். எங்கள் பெடியனை முதலில் நன்றாகத் தோற்கடித்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். அவர் ஓடவே மாட்டார், பந்தை வெட்டி மூலைக்குப் போடுவார், இவன் ஓடிப்போய் எடுத்தால் மற்ற மூலைக்குப் போடுவார். மூன்று மாதம் தோற்ற பிறகுதான் இவன் அடிக்க முதல் எதிர்ப்பக்கம் பார்க்கத் தொடங்கினான். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்று, 1960, 1961 இரண்டு வருடமும் அரையிறுதி வரை போன இந்திய ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணனும் வேகத்துக்குப் பேர்போனவர் அல்ல, அவருடைய பலம் பந்தை வைக்கும் இடம். அதைப் பிள்ளைக்குக் காட்ட இப்படி ஒரு பெரியவர் வேண்டும்.

புள்ளி எண்ணுவதையும் அங்கேதான் பழகவேண்டும். சிறுவர் போட்டிகள் அனேகமாக நடுவர் இல்லாமல்தான் நடக்கும். தன் பக்கத்தில் விழும் பந்தை அந்தந்த ஆட்டக்காரரே சொல்லவேண்டும், கோட்டைத் தொட்டால் உள்ளே, சந்தேகம் வந்தாலும் உள்ளே என்றே எடுக்கவேண்டும். ஒருநாள் இவன் "அவுட்" என்று சுட்டுவிரலைத் தூக்கிவிட்டு, இரண்டு அடி நடந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லை சேர், உள்ளுக்கு" என்று உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டினான். அன்று அவன் அடித்த எந்த அடியும் எனக்கு நினைவில்லை, இது நினைவிருக்கிறது.

14 வயதளவில் ஒரு சிக்கல் வரும், பயப்படாதீர்கள். ஒரே வருடத்தில் ஆள் உயர்ந்துவிடுவான், நன்றாக இருந்த சேர்வ், அதாவது பந்தை மேலே தூக்கிப்போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் அடி, திடீரென்று குழம்பும். கை நீண்டுவிட்டது, பந்தைத் தூக்குவது மட்டும் பழைய உயரத்துக்கே, ஆகவே பந்து றக்கெட்டின் கழுத்தடியில் பட்டு வலைக்குள் போகும். கோச் இவனை வலைக்குக் கிட்ட உள்ள சேர்வ் பெட்டிக் கோட்டடிக்குக் கொண்டுவந்து, பந்தைத் தூக்குவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார், மூன்று கிழமையில் சரிவந்தது. குதிக்காலோ முழங்காலுக்குக் கீழோ நோகிறது என்றால் சோம்பல் என்று ஏசவேண்டாம். எலும்பு கெதியாக வளரும்போது தசைநார் அதை இழுப்பதால் வரும் நோ அது. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறையுங்கள், நோ நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் பந்தை உயரத் தூக்கினால் காற்று கொண்டுபோய்விடும், தாழத் தூக்கப் பழக்குங்கள். சித்திரை வெயிலில் காலை ஆறு மணி அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. போத்தலில் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், கூட ஒரு இதரை வாழைப்பழம். கார்த்திகை மழையில் விறாந்தையில் கயிறு அடித்தால் போதும்.

கொழும்புப் போட்டிக்குப் போவதென்றால் ஒருநாள் முந்திப் போங்கள். இரவு பஸ்ஸில் இறங்கி நேரே ஆடப்போன பிள்ளை முதல் செட்டிலேயே களைத்துவிடும். கொழும்பில் இலங்கை ரெனிஸ் சங்கத்துக்குக் களிமண் கோர்ட்டுகள் உண்டு. சீமெந்தில் பழகியவருக்கு அங்கே பந்து மெதுவாக வரும், உயரமாக எழும்பும், சீமெந்தில் வென்றுதரும் அடி அங்கே திரும்பி வரும். ஒரு மணித்தியாலமாவது அந்தத் தரையில் அடித்துப் பார்க்கவேண்டும்.

சரி, ரியூசன். சாதாரண தர வருடத்தில் முழுதாக நிறுத்திவிடாதீர்கள். கிழமைக்கு இரண்டு நாள் போதும், ஒருநாள் சேர்வ், ஒருநாள் ஆட்டம். நாங்கள் சனி காலை ஆறு மணியையும் புதன் பின்னேரத்தையும் வைத்துக்கொண்டோம், ரியூசன் நேரத்தை அதற்கேற்ப மாற்றித்தரச் சொல்லிக் கேட்டபோது மாஸ்டர் மறுக்கவில்லை. பரீட்சை அட்டவணை வந்த அன்றே ஒரு பிரதியைக் கோச்சிடம் கொடுத்துவிடுங்கள், அந்த நாட்களில் வரும் போட்டிகளுக்கு அவர் பிள்ளையின் பெயரைக் கொடுக்கமாட்டார்.