பிரெஞ்சில் எழுதப்பட்ட மொழி ஆய்வுகளைப் படிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

மொழியியலாளர் சொசூர், சமூகவியலாளர் பூர்தியூ, மொழிபெயர்ப்பியலாளர் பெர்மன் என்ற பெயர்கள் நம் ஆய்வேடுகளிலும் சிற்றிதழ்க் கட்டுரைகளிலும் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகின்றன. அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு நூல் எந்த ஊரில், எதைப் பார்த்து, யார் கையால் உருவானது என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. நான் கவனித்த தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் சொசூர். 1916இல் வெளிவந்த அவருடைய பொது மொழியியல் பாட நூலிலிருந்து ஒரு வரியை எடுத்து, 'சொசூர் எழுதுகிறார்' என்று போட்டுவிடுகிறோம். அந்த நூலை அவர் எழுதவில்லை, 1913லேயே இறந்துவிட்டார். 1907க்கும் 1911க்கும் இடையில் ஜெனீவாவில் மூன்று சுற்றாக அவர் நடத்திய பாடங்களின் மாணவர் குறிப்புகளை வைத்து, ஷார்ல் பாலியும் அல்பேர் செஷெஹேயும் தொகுத்த நூல் அது. அந்த வகுப்புகளில் அவர்கள் இருவருமே உட்கார்ந்ததில்லை. மொழியியல் மொழியை மொழிக்காகவே ஆராய வேண்டும் என்று முடிகிற புகழ்பெற்ற கடைசி வாக்கியம் மாணவர் குறிப்புகளில் கிடையாது, தொகுத்தவர்கள் சேர்த்தது. 'சொசூர் சமூகத்தைக் கழற்றிவிட்டார்' என்ற குற்றச்சாட்டுக்கு அந்த வாக்கியத்தைத்தான் சாட்சியாக நிறுத்துகிறார்கள். மொழி ஒரு சமூக உண்மை என்று அதே நூல் சொல்வது கண்ணில் படாமல் போகிறது. அவருடைய சொந்தக் கையெழுத்துப் பிரதிகள் 1996இல் கிடைத்து, 2002இல் அச்சாயின. சொசூரைக் குறை சொல்லும் முன் அவற்றையும் ஒருமுறை புரட்டிவிடுவது நியாயம்.

அடுத்தது, எடுத்துக்காட்டை விட்டுவிட்டுக் கலைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது. பூர்தியூவின் 'குறியீட்டு அதிகாரம்' (மற்றவர்கள் நியாயமென்று ஏற்பதாலேயே செல்லுபடியாகும் அதிகாரம்) இப்படித்தான் எதற்கும் ஒட்டுகிற முத்திரையாகிவிட்டது. அவர் காட்டும் காட்சியோ மிகத் துல்லியமானது. 1974இல், தென்மேற்கு பிரான்சின் பெயார்ன் பகுதியில், அந்த வட்டார மொழிக் கவிஞர் ஒருவருக்கு விழா. அப்பகுதியின் போ (Pau) நகர மேயர் பிரெஞ்சை விட்டுவிட்டு வட்டார மொழியிலேயே பேசுகிறார். கூட்டம் நெகிழ்கிறது, உள்ளூர்ச் செய்தித்தாள் தரமான பெயார்ன் மொழி என்று பாராட்டுகிறது. அதே மொழியை ஒரு குடியானவர் பேசியிருந்தால் அது செய்தியே இல்லை. மேயருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் அவர் இறங்கி வந்தது பெருந்தன்மையாகத் தெரிகிறது. மொழிகளுக்கிடையே உள்ள மேல்கீழை மறுப்பதுபோல் காட்டிக்கொண்டே அதிலிருந்து லாபம் எடுப்பது என்கிறார் பூர்தியூ. அவரும் பெயார்ன்காரர்தான். இந்தக் காட்சியைச் சொல்லாமல் கருத்தை மட்டும் சொன்னால், வாசகர் கையில் மிஞ்சுவது வெறும் சொல்தான்.

ஆண்டுக் குழப்பமும் சாதாரணமாக நடக்கிறது. மொழி பற்றிய பூர்தியூவின் பிரெஞ்சு நூல் 1982இல் வந்தது. 1991இல் வந்த ஆங்கிலத் தொகுப்பு அதன் நேர் மொழிபெயர்ப்பு அல்ல. சில கட்டுரைகளை விட்டு, வேறு சிலவற்றைச் சேர்த்தது. 2001 பிரெஞ்சுப் பதிப்பு மறுபடியும் வேறு. எதைப் படித்தீர்களோ அதன் ஆண்டை எழுதுங்கள், மூலக் கட்டுரையின் ஆண்டையும் கூடவே கொடுங்கள்.

மொழிபெயர்ப்பு விமர்சனத்தில் அந்த்வான் பெர்மன் படும் பாடு தனி. இலக்கிய உரைநடையை மொழிபெயர்ப்பவர்கள் எப்படியெல்லாம் சிதைக்கிறார்கள் என்று அவர் போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விமர்சகர்கள் மொழிபெயர்ப்புகளுக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். அவர் இறந்தபின் 1995இல் வெளிவந்த நூலில் வேறு வழி இருக்கிறது: மூலத்தை ஓரமாக வைத்துவிட்டு மொழிபெயர்ப்பை முதலில் முழுதாகப் படி, அப்புறம் மூலத்துக்குப் போ, மொழிபெயர்ப்பாளர் யார், அவர் எதைச் செய்ய முயன்றார் என்று தேடு, ஒப்பிடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பட்டியலைவிட இந்த அணுகுமுறையைத்தான் நான் மதிக்கிறேன்.

பிரெஞ்சில் எழுதினால் பாரிஸ்காரர் என்று நினைப்பதும் தவறு. சொசூர் சுவிட்சர்லாந்துக்காரர், மொழியியலாளர் பென்வெனிஸ்த் பிறந்தது சிரியாவின் அலெப்போவில், கவிஞரும் சிந்தனையாளருமான கிளிஸ்ஸான் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவைச் சேர்ந்தவர். மொழிபெயர்ப்பியலின் முக்கிய இதழ்களில் ஒன்றான 'மெத்தா' கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வருகிறது.

சரி, மூலங்களுக்கு எங்கே போவது? பழைய இதழ்கள் பெர்சே (Persée) இணையதளத்தில் இலவசம். பூர்தியூ 1975இல் தொடங்கிய சமூக அறிவியல் இதழின் பழைய வெளியீடுகளும் அங்கே உண்டு. கனடாவின் பிரெஞ்சு மாநிலமான கியூபெக்கின் இதழ்களுக்கு எருதி (Érudit) தளம், புதியவற்றுக்கு ஓப்பன்எடிஷன் (OpenEdition) தளம். பிரெஞ்சு அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, மேற்கோள் காட்டப்போகும் பத்தியை மட்டுமாவது மூலத்தோடு ஒத்துப் பாருங்கள்.